நல்லா சாப்பிடுது, அப்புறம் என்ன கவலை?

குட்டிக் கெராவுக்கு, அதாவது நீண்டவால் குரங்குக்கு, பெம்பர்ஸ் மாட்டி, புட்டிப்பால் கொடுத்து எடுத்த வீடியோவை யாராவது வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும், ‘ஐயோ, எப்படிச் சிரிக்குது பாருங்க’ன்னு இதயமாகக் குவிகிறது. அது சிரிக்கலைங்க. உதட்டை இழுத்து அப்படிப் பல்லைக் காட்டுவது பெரும்பாலும் பயத்தில்தான்.

இங்கே பினாங்கில் எங்கள் தாமானில் ஒரு வீட்டு முன்வாசலில் ஒன்றைச் சங்கிலியில் கட்டிவைத்திருக்கிறார்கள். வாழைப்பழம், ரொட்டி, எதற்கும் குறையில்லை. ஆனால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ரோமமே கிடையாது, தானே பிடுங்கிப் பிடுங்கித் தோல் சிவந்து கிடக்கிறது. சங்கிலி எட்டுகிற வரைக்கும் போவதும் வருவதுமாக இருந்து அந்த இடத்தில் புல் முளைப்பதே நின்றுவிட்டது. வீட்டுக்காரரிடம் கேட்டால், “சேட்டை பிடிச்சது, நல்லா சாப்பிடுது, அப்புறம் என்ன கவலை?”

சாப்பாட்டில் தீருகிற விஷயமா இது? ஆபத்து என்றதும் மூளையிலிருந்து பிட்யூட்டரி வழியாகச் சேதி போய், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனைக் கொட்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறும், ஓடுவதற்குத் தெம்பு வரும், தப்பித்ததும் எல்லாம் அடங்கும். கட்டிப்போட்டது எங்கே ஓடும்? மாதக்கணக்கில் அது அடங்காமலே இருந்தால் நோய் எதிர்ப்பு குறையும், தசை கரையும், பெண் குரங்குக்குக் கருமுட்டை வெளியாவதே நின்றுபோகலாம். ஒருமுறை ரத்தம் எடுத்து ‘நார்மல்’ என்று வந்தாலும் நம்பிவிட முடியாது. தன்னைத்தானே கடித்துக்கொள்ளும் ரீசஸ் குரங்குகளில், மிரட்சி வந்தாலும் கார்ட்டிசோல் சரியாக ஏறாமல் மங்கிப்போயிருந்ததையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

சரி, துணைக்கு இன்னொன்றைப் பிடித்து வந்து விடலாமே என்பார்கள். கென்யாவில் கூண்டில் ஒன்றாக அடைத்திருந்த வெர்வெட் குரங்குகளில் சில செத்தபோது அறுத்துப் பார்த்தவர்கள் 1989இல் எழுதியிருக்கிறார்கள்: வயிற்றில் புண், பெருத்துப்போன அட்ரினல், மூளையில் செல் சேதம், உடம்பில் கடிபட்ட காயம். காட்டில் பலசாலி அடித்தால் விலகிப் போய்விடலாம். கூண்டில் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அதே முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கெரா வளர்ப்பது குற்றம், அது எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கதை. அதற்காகப் பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர்மலைப் பக்கம் கொண்டுபோய் அவிழ்த்துவிடாதீர்கள், அங்கிருக்கும் குரங்குக் கூட்டம் புதுசைக் கடித்துக் குதறிவிடும். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குப் போன் போட்டு ஒப்படையுங்கள்.