ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேளுங்கள்

எங்கள் நாய் மீனுவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்த பிறகும் 11 நாள் அவளை டாக்டரிடம் கூட்டிப்போகாமல் இருந்தேன். நேரமில்லை என்பதல்ல காரணம், பில்லை நினைத்துப் பயம். போன வருடம் தோல் அரிப்புக்குப் போனபோது 3,200 ரூபாய் ஆனது. அந்த மாதம் மளிகைக் கடையில் கடன் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் இந்த முறை "ரெண்டு நாள் பார்ப்போம்" என்று ஆரம்பித்தேன். ரெண்டு நாள் நாலாச்சு, நாலு பதினொன்றாச்சு.

மீனு நாட்டு நாய். 7 வயது. குட்டியாக எங்கள் தெருமுனையில் மழையில் நனைந்துகொண்டு நின்றவள். கருத்தடை செய்யவில்லை. அவளுக்கு ஒரு வயதானபோது விசாரித்தேன், 7,000 ஆகும் என்றார்கள். "நல்லா இருக்கிற வயித்தை எதுக்குடி கிழிக்கணும்" என்றாள் அம்மா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஹீட் (பெண் நாய் இணை தேடும் பருவம்) முடிந்து ஒரு மாதம் இருக்கும். தண்ணீர்ச் சட்டி திரும்பத் திரும்பக் காலியானது. ஒன்றுக்குப் போக ராத்திரியில் இரண்டு தடவை எழுப்பினாள். வைத்த சோற்றில் பாதி மிச்சம். வெயில் காலம், அதனால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 11ஆம் நாள் காலையில் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை, வயிறு உப்பியிருந்தது. ஸ்கேனில் பார்த்தால் கர்ப்பப்பை முழுக்கச் சீழ். பையோமெட்ரா என்கிறார்கள். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு, அதிலும் வயது ஏறிய பிறகு, ஹீட் முடிந்த சில வாரங்களில் வருவது. சில நாய்களுக்குச் சீழ் வெளியே கசியும், பார்த்ததும் தெரிந்துவிடும். மீனுவுக்குக் கர்ப்பப்பை வாய் மூடியிருந்தது. அதுதான் இன்னும் ஆபத்தான வகை. உள்ளேயே தேங்கி ரத்தத்தில் விஷம் கலந்து சிறுநீரகம் வரை போய்விடுகிறது.

பில்லை அப்படியே எழுதுகிறேன். இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை என்பதுதான் எனக்கிருக்கும் பெரிய வருத்தம். ரத்தப் பரிசோதனை 1,800. ஸ்கேன் 1,500. மயக்க மருந்தும் சேர்த்து, கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் 22,000. மூன்று ராத்திரி அட்மிஷன் 7,500. ட்ரிப்ஸ், ஊசி 5,600. சிறுநீரகம் தேறியதா என்று பார்க்க மறுபடி ரத்தப் பரிசோதனை 1,800. வீட்டுக்குக் கொடுத்த மாத்திரையும், தையலை நக்காமலிருக்கக் கழுத்துக்கு மாட்டும் கோனும் 1,300. மொத்தம் 41,500. முன்னாடியே வந்திருந்தால் ஒரு ராத்திரியோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் குத்திக்காட்டவில்லை, நான் கேட்டதால் சொன்னார். கம்மலை அடகு வைத்துத்தான் கட்டினேன்.

மீனு உள்ளே இருந்தபோது வெளியே பெஞ்சில் ஓர் ஆட்டோ ஓட்டும் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் சாக்குப்பையில் ஆண் பூனை. ஒன்றரை நாளாகச் சிறுநீர் வரவில்லை. உள்ளே கூப்பிட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "சார், என்கிட்ட நாலாயிரம்தான் இருக்கு. அதுக்குள்ள இவனுக்கு என்ன பண்ண முடியும்?" டாக்டர் முகம் சுளிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். அடைப்புக்கு டியூப் போட்டு எடுத்துவிடலாம், அட்மிஷன் வேண்டாம், தினமும் காலையில் கொண்டுவாருங்கள் ட்ரிப்ஸ் ஏற்றி அனுப்புகிறேன், மறுபடி அடைத்தால் மட்டும் ஆபரேஷன் பற்றிப் பேசுவோம் என்றார். அந்த வேலை அந்தத் தொகைக்குள்ளேயே முடிந்தது. மூன்று நாள் கழித்து நான் மீனுவைக் கூட்டிவரப் போனபோது அந்தப் பூனை சாக்குக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தது.

நான் அந்த வாக்கியத்தைச் சொல்லவே இல்லை. "என்ன வேணும்னாலும் பண்ணுங்க டாக்டர்" என்றுதான் சொன்னேன். காசு பேசினால் பாசமில்லாதவள் என்று நினைத்துவிடுவாரோ என்று கூச்சம். மனிதருக்கு அவசரம் என்றால் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. பிராணிகளுக்கு அப்படி ஓர் அட்டை கிடையாது. தனியாரிடம் போனால் முழுப் பணமும் நம் கையிலிருந்து போகிறது. அப்படியிருக்கும்போது கையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது எப்படிப் பாசக் குறைவாகும்? தொகை தெரிந்தால்தான் டாக்டராலும் வழி யோசிக்க முடிகிறது.

டாக்டர்கள் பக்கமும் சொல்ல வேண்டும். 22,000 என்றதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆபரேஷன் முடிந்த பிறகு அந்த அறையைக் காட்டினார்கள். வாயு மயக்க மருந்து கொடுக்கும் இயந்திரம், ஆக்ஸிஜன், இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர், மயக்கத்தை மட்டுமே கவனிக்கத் தனியாக ஒருவர். சீழ் நிறைந்த கர்ப்பப்பையைக் கிழியாமல் எடுப்பது சாதாரணக் கருத்தடை போல அல்ல, வயிற்றுக்குள் சிந்தினால் உயிருக்கே ஆபத்து. அதைப் பார்த்த பிறகு அந்தத் தொகையின்மேல் எனக்குப் புகார் இல்லை. ஆனால் இத்தனையும் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதித் தரலாம். எனக்கு வாய்வார்த்தையாக "முப்பது முப்பத்தஞ்சு ஆகும்" என்றார்கள், அவ்வளவுதான். இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்: எழுதி வாங்குங்கள். மயக்க மருந்து அதில் சேர்த்தியா, ஒரு ராத்திரிக்கு எவ்வளவு, தையல் பிரிக்கத் தனிக் காசா, எதிர்பாராமல் சிக்கல் வந்தால் எவ்வளவு வரை போகும், எல்லாம் அதில் இருக்கட்டும்.

அப்புறம் எல்லா ஆபரேஷனும் அவசரமில்லை. இதைப் புரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பது, பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்வது, குட்டி வெளியே வராமல் சிக்குவது, மீனுவுக்கு வந்தது போன்ற சீழ், இவற்றில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. இருக்கிற காசோடு உடனே ஓட வேண்டும். ஆனால் தோலுக்கடியில் ஒரு சின்னக் கட்டி, பின்னங்கால் முட்டியில் தசைநார் கிழிந்தது, பல் சொத்தை, இவற்றுக்குப் பொதுவாக நாள் இருக்கிறது. வேறொரு டாக்டரிடம் காட்டலாம், இரண்டு இடத்தில் விலை கேட்கலாம், பணம் சேர்க்கலாம். "இன்னைக்கே பண்ணணுமா, ரெண்டு வாரம் கழிச்சுப் பண்ணினா என்ன ஆகும்?" என்று நேராகக் கேட்டால் நல்ல டாக்டர் நேராகவே பதில் சொல்வார்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. காலையில் போனால் நாய், பூனை, ஆடு, கிளி எல்லாம் வரிசையில் நிற்கும். கூட்டம் அதிகம், காத்திருக்க வேண்டும், ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டிவரும். ஆனால் தனியார் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர்களே பார்க்கிறார்கள். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. அங்கே ஏன் முதலிலேயே போகவில்லை என்று என்னைக் கேட்டால், அன்றைக்கு மீனு இருந்த நிலையில் பக்கத்தில் இருந்த இடத்துக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட முடிந்தது. அந்த 11 நாளில் ஏதாவது ஒரு காலையில் வேப்பேரி போயிருக்கலாம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்களும் உண்டு. ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சிறுநீரகமும் ஈரலும் எப்படி இருக்கின்றன என்று தெரியாமல் மயக்க மருந்து கொடுப்பது பெரிய ரிஸ்க். வலி மருந்தையும் குறைக்காதீர்கள். அதற்குப் பதிலாக வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்கவும் கூடாது. ஒரே ஒரு பாராசிட்டமால்கூடப் பூனையைக் கொல்லக்கூடும், ஐபுப்ரோஃபென் நாய்க்கு விஷம். மருந்துச் சீட்டை வாங்கி வெளியே மெடிக்கலில் வாங்குவது மட்டும் தாராளமாகச் செய்யலாம். ஆன்டிபயாடிக் பலவும் மனிதர்களுக்கு வருவதேதான்.

இன்ஷூரன்ஸ் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். நாய்களுக்கு நியூ இந்தியா அஷ்யூரன்ஸ், பஜாஜ் ஜெனரல் (முன்பு பஜாஜ் அலையன்ஸ்) போன்றவர்களிடம் பாலிசி உண்டு. ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் கிடைக்காது, வயதான நாயைச் சேர்ப்பது கஷ்டம். எடுப்பதென்றால் குட்டியிலேயே எடுக்க வேண்டும், விதிகளை வரி விடாமல் படித்துவிட்டு. மீனுவுக்கு இனி அந்த வழி சரிப்படாது. மாதம் 1,000 ரூபாய் தனி வங்கிக் கணக்கில் போடுகிறேன். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி 5 வருடக் கணக்கு, ராத்திரி 2 மணிக்கு நாய்க்கு மூச்சுத் திணறினால் அதிலிருந்து எடுக்க முடியாது. அதனால் ஏடிஎம் கார்டு உள்ள சாதாரணக் கணக்கே போதும்.

கருத்தடையைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ஸ்வீடனில் ஆரோக்கியமான நாய்களுக்குக் கருத்தடை செய்வது முன்பெல்லாம் வழக்கமில்லை. அங்கே காப்பீட்டுப் பதிவுகளை வைத்து ஆய்வு செய்ததில், பெண் நாய்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு 10 வயதுக்குள் இந்தச் சீழ் வந்திருக்கிறது. நாலில் ஒன்று! இதை எனக்கு 6 வருடத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அந்த 7,000-ஐ எப்படியாவது புரட்டியிருப்பேன்.

"நாய்க்குப் போய் இவ்வளவா?" என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, 41,500 எங்கள் வீட்டுக்குப் பெரிய தொகை. ஆனால் அந்தப் பணம் இல்லாதவர்கள் பிராணி வளர்க்கவே கூடாது என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. தெருவில் கிடந்த மீனுவை எடுத்தது எங்களைப் போன்ற வீடுதான். அதே போல, எல்லா வழியும் கேட்டுப் பார்த்து, டாக்டரும் தேறுவது சிரமம் என்று சொன்ன பிறகு, தங்கள் பிராணியை வலியில்லாமல் அனுப்பிவைக்க முடிவெடுத்த ஒரு குடும்பத்தையும் எனக்குத் தெரியும். அவர்களைக் கொலைகாரர்கள் என்று திட்டாதீர்கள். அந்த வீட்டு அக்கா இன்னும் அதன் கழுத்துப் பட்டையைக் கதவுக்குப் பின்னால் மாட்டியே வைத்திருக்கிறார்.

மீனு நன்றாக இருக்கிறாள். தையல் பிரித்தாயிற்று. அம்மா கையால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடிக்கிறாள், அம்மாவும் ஊட்டிவிடுகிறாள்.

உங்கள் வீட்டுப் பிராணிக்கு ஆபரேஷன் நடந்திருந்தால் கமெண்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த ஊர், என்ன ஆபரேஷன், மொத்தம் எவ்வளவு ஆனது. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். நாளைக்கு யாராவது பில்லை நினைத்துப் பயந்து வீட்டில் உட்கார்ந்திருந்தால், பார்க்க ஒரு கணக்காவது இருக்கும்.