கப்பலோடு பாதை முடியக்கூடாது, திருமலை வரை வரவேண்டும்

நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் பற்றிய கதை எல்லாம் யாழ்ப்பாணத்தோடு நின்றுவிடுகிறது. வருகிறவர்கள் நல்லூர் போகிறார்கள், நயினாதீவு போகிறார்கள், திரும்பிப் போய்க் கப்பல் ஏறுகிறார்கள். நல்ல விசயம், யாழ்ப்பாணம் வாழட்டும். ஆனால் அந்தக் கப்பலால் இன்னும் கூடுதலாகப் பயன் பெறக்கூடிய ஊர் எங்கள் திருகோணமலை, நாங்கள் சுருக்கிச் சொல்லும் திருமலை, என்பது என் எண்ணம். அதை இங்கே யாரும் உரத்துச் சொல்வதாகத் தெரியவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் காலத்தைப் பாருங்கள். எங்களுடைய சீசன் எது என்று உப்புவெளியில் ஆட்டோ ஓடும் தம்பியைக் கேட்டாலே சொல்லிவிடுவார். சித்திரை பிறந்தால் தொடங்கும், புரட்டாதியோடு முடியும். வடகீழ்ப் பருவக்காற்று எழும்பினால் கடல் குழம்பிவிடும், புறாத்தீவுக்குப் படகு போகாது, நிலாவெளியில் பாதி விடுதி பூட்டிக் கிடக்கும். அந்த மாதங்களில்தான் கப்பலும் கரையில் நிற்கிறது. இரண்டையும் நிறுத்துவது ஒரே காற்று. அந்தக் காற்று போனபின் கப்பல் ஓடும் மாதங்களில் எங்கள் சீசன் முழுவதும் அடங்கிவிடுகிறது.

இது சின்ன விசயம் இல்லை. இந்த நாட்டின் சுற்றுலா முழுவதும் தென்மேற்குக் கரையின் காலத்தை வைத்தே நடக்கிறது. டிசம்பர் தொடக்கம் மார்ச் வரை காலி, ஹிக்கடுவ, மிரிஸ்ஸ. அந்தக் காலத்தின் முற்பாதியில் திருமலையில் மழை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும் கூட்டத்தை மட்டும் நம்பியிருக்கும் வரை, அவர்களுக்கு மிச்ச நாள் இருந்தால் எட்டிப் பார்க்கும் இடமாகத்தான் நாங்கள் இருப்போம். தமிழ்நாட்டின் கணக்கு வேறு. அங்கே பள்ளிக்கூட விடுமுறை ஏப்ரல், மே. வெயிலுக்குக் கொடைக்கானல், ஊட்டி என்று சனம் அலைமோதும் காலம் அது. அதே நேரம் எங்கள் கடல் குளம்போல் கிடக்கும், நீலத்திமிங்கிலம் கரையிலிருந்து அதிகம் தொலைவில்லாத ஆழத்தில் வந்து மூச்சு விடும். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்த திட்டம் எதையும் நான் இதுவரை காணவில்லை.

கப்பலின் வரலாறு உங்களுக்குத் தெரிந்ததுதான். 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் ரயில் ஏறியவர் கடலைக் கடந்து கொழும்பில் போய் இறங்கலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்குப் பிறகும் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது, 1980களின் முற்பகுதியில் நாட்டு நிலைமையோடு அதுவும் நின்றது. 2011 இல் தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் ஒன்று வந்து சில மாதங்களில் காணாமல் போனது. 2023 ஒக்டோபர் 14 அன்று நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு விட்டார்கள், சில நாளிலேயே பருவக்காற்றைச் சொல்லி நிறுத்தினார்கள். பிறகு 2024 ஓகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். சுமார் 150 பேர் இருக்கலாம், நான்கு மணித்தியாலத்துக்குள் கடல் முடிந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் பிரச்சினை. காங்கேசன்துறையில் இறங்கும் ஒரு கும்பகோணத்துக் குடும்பம் திருமலைக்கு வரவேண்டுமென்றால் என்ன செய்யும்? யாழ்ப்பாணம் போய், பஸ் பிடித்து, வவுனியா, ஹொரவப்பொத்தான வழியாகச் சுற்றி வரவேண்டும். ஏறக்குறைய 250 கிலோமீற்றர். கைக்குழந்தையையும் வயதான தாய் தகப்பனையும் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டை யார் படுவார்கள்? வான் பிடித்தால் கப்பல் காசை விட வான் காசு கூடிவிடும். முல்லைத்தீவிலிருந்து கரையோரமாகக் கொக்கிளாய், புல்மோட்டை, நிலாவெளி என்று நேரே இறங்கலாம்தானே என்று வரைபடத்தைப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். கொக்கிளாயில் களப்பின் முகத்துவாரம் குறுக்கே நிற்கிறது. அங்கே ஒரு பாலம் என்பது கரையோரச் சனத்தின் பழைய கோரிக்கை. மீன் ஏற்ற, ஆஸ்பத்திரிக்குப் போக, பிள்ளைகள் படிக்க என்று கேட்ட பாலம் அது. சுற்றுலா என்று சொன்னால்தான் காசு ஒதுக்குவார்கள் என்றால், சுற்றுலா என்றே சொல்லிக் கேட்போம்.

2023 ஜூலையில் இரு நாடுகளும் வெளியிட்ட இணைப்புத் திட்ட ஆவணத்தில் கப்பல் சேவைகள் இருந்தன, திருகோணமலை, கொழும்புத் துறைமுகங்களுக்குத் தரைவழி இணைப்பும் இருந்தது. இராமாயணத் தடம், பௌத்தத் தலங்கள் என்று சுற்றுலாவும் இருந்தது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது திருக்கோணேஸ்வரத்தின் அபிவிருத்திக்கு உதவி அறிவித்தார். கடலுக்கு மேல் பாலம் எப்போது வரும் என்று நான் காத்திருக்கப் போவதில்லை. ஆனால் கோயிலுக்குக் கொடுக்கும் காசும், கப்பலுக்குக் கொடுக்கும் சலுகையும், ஊர்ப் பாதைக்குப் போடும் தாரும் தனித்தனி அமைச்சுகளில் தனித்தனிக் கோப்பாகக் கிடந்தால் எதுவும் ஒன்று சேராது. ஒரு பயணி வீட்டில் புறப்பட்டுத் திரும்பி வீடு போய்ச் சேரும் வரை என்ன நடக்கிறது என்று முழுவதையும் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே மேசையில் இருந்து பார்க்கவேண்டும்.

இப்போது வருகிறவர்களைப் பாருங்கள். இலங்கைக்கு மிகக் கூடுதலான பயணிகள் இந்தியாவிலிருந்துதான் வருகிறார்கள், 2024 இல் மட்டும் நான்கு லட்சத்துக்கு மேல். இராமாயணச் சுற்றுலா என்று வருகிற வான்கள் கோட்டை வாசலால் ஏறிச் சுவாமி மலைக்குப் போகும். சாமி கும்பிட்டு, இராவணன் வெட்டில் நின்று படம் எடுத்து, நேரம் இருந்தால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஒரு வாளி ஊற்றி, பின்னேரத்துக்குள் தம்புள்ளைக்கோ கண்டிக்கோ புறப்பட்டுவிடுவார்கள். ஊரில் விட்டுப் போவது ஓர் அர்ச்சனைக் காசும் செவ்விளநீர்க் காசும். ஒரு இரவு தங்கினால் கதையே மாறும். விடுதிக்காரருக்கு அறைக் காசு, விடியக் காலமை படகுக்காரருக்கு ஓட்டம், சாப்பாட்டுக் கடைக்கு மூன்று நேர வியாபாரம்.

தங்க வைக்கக் காரணம் வேண்டும். காரணம் எங்களிடம் மலிந்து கிடக்கிறது, சொல்லத்தான் ஆளில்லை.

ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் இது என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது. நகரத்துக்கு வடமேற்கே பெரியகுளம் பக்கம் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் அதன் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி. அந்தப் பௌத்தப் பள்ளிக்கு விளக்கெரிக்கக் கொடுத்த தானங்களைச் சொல்லும் 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே நிற்கின்றன. அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் நாகபட்டினத்தில் சூடாமணி விகாரை இருந்தது. ஸ்ரீவிஜய அரசன் கட்ட, இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்கு எழுதிக் கொடுத்தான், லெய்டன் செப்பேடு அதைச் சொல்கிறது. அந்த விகாரையின் கடைசிக் கட்டடத்தை 1867 இல் இடித்துவிட்டார்கள். மண்ணுக்குள் கிடந்து எடுத்த வெண்கலப் புத்தர்கள் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். கப்பல் புறப்படும் ஊரிலும் எங்கள் ஊரிலும் ஒரே காலத்தில், ஒரே அரசின் கீழ், தமிழோடு புழங்கிய இரண்டு பௌத்தப் பள்ளிகள்! உலகத்தில் வேறு எந்த நாடாக இருந்தாலும் இந்த இரண்டையும் இணைத்து ஒரு பாதை போட்டு, வழிநெடுகப் பலகை வைத்து, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கும்.

இங்கே தொல்லியல் என்று சொன்னாலே எங்கள் சனத்துக்கு வயிறு கலங்கும், அதுவும் எனக்குத் தெரியும். பலகை வந்தால் பின்னால் வேலி வரும், வேலி வந்தால் காணி போகும் என்ற பயம். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. கன்னியாவில் பிள்ளையார் கோயில் நின்ற இடத்தைப் பற்றி நடந்த இழுபறியை நாங்கள் மறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், இந்தப் பாதையை எழுதும்போது கல்வெட்டில் உள்ளதை உள்ளபடி மூன்று மொழியிலும் எழுதவேண்டும். தமிழ்க் கல்வெட்டைத் தமிழ்க் கல்வெட்டு என்று சொல்லவேண்டும், விகாரையை விகாரை என்று சொல்லவேண்டும். அங்கே வரும் தஞ்சாவூர்க்காரரும் அநுராதபுரத்து அம்மாவும் ஒரே கல்லின் முன் நின்று ஒரே செய்தியை வாசித்துவிட்டுப் போகவேண்டும்.

கோணேஸ்வரமும் அப்படித்தான். சம்பந்தர் பாடிய தலம், ஈழத்தில் பாடல் பெற்ற இரண்டில் ஒன்று. 1622 இல் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லையே கோட்டைக்கு எடுத்தார்கள். தேவாரத் தலங்களைத் தேடித்தேடிக் கும்பிடும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ இருக்கின்றன. காவிரிக் கரைத் தலங்களை முடித்தவர்களுக்குக் கேதீச்சரமும் கோணேச்சரமும் மிச்சமாகவே இருக்கும். நாகபட்டினத்தில் ஏறி, காங்கேசன்துறையில் இறங்கி, மன்னாரில் கேதீச்சரம், திருமலையில் கோணேச்சரம் என்று ஐந்து நாள் பாதை ஒன்றை விளம்பரமே இல்லாமல் நிரப்பலாம்.

பாதை ஒரு பக்கமாக மட்டும் ஓடக்கூடாது. கப்பல் போய் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நாகூர் தர்கா இருக்கிறது, வேளாங்கண்ணி இருக்கிறது, திருநள்ளாறு இருக்கிறது. மூதூரிலும் கிண்ணியாவிலும் நாகூர் ஆண்டகைமேல் அன்பு வைத்த குடும்பங்கள் உண்டு. வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்த்தி வைக்காத கத்தோலிக்க வீடு எங்கள் ஊரில் அரிது. விமானத்துக்குக் காசு சேர்க்க முடியாத இந்தச் சனத்துக்குக் கப்பல்தான் வழி. வேளாங்கண்ணித் திருவிழா ஓகஸ்ட் 29 தொடக்கம் செப்டம்பர் 8 வரை, கடல் திறந்திருக்கும் காலம்.

விசாவைப் பற்றியும் சொல்லவேண்டும். இலங்கை 2023 இறுதியில் இந்தியர் உட்பட ஏழு நாட்டவருக்குக் கட்டணமில்லாத விசா அறிவித்தது. அதற்கு மேலும் போகலாம் என்பதற்கு எங்களிடமே உதாரணம் இருக்கிறது. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு இராமேஸ்வரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். 1974 ஒப்பந்தத்தின்படி இந்திய யாத்திரிகருக்கு அங்கே பயணப் பத்திரமோ விசாவோ தேவையில்லை. ஒன்றோடொன்று போர் புரிந்த இந்தியாவும் பாகிஸ்தானும்கூட 2019 நவம்பரில் கர்தார்பூர் வழியைத் திறந்தன. சீக்கியர்கள் விசா இல்லாமல் காலையில் போய்க் கும்பிட்டுவிட்டு மாலையில் திரும்பலாம் என்று ஏற்பாடு. 2025 மே மாதம் மோதல் வந்தபோது இந்தியப் பக்கம் அதை மூடினார்கள், உண்மைதான். எங்களுக்கு இடையில் அப்படி ஒரு பகையும் இல்லையே. கப்பல் டிக்கட்டோடு சேர்த்துப் பத்து நாளுக்கு ஒரு யாத்திரை அனுமதி, இரு பக்கத்துக்கும் ஒரே விதி. இதைக் கொடுக்க என்ன தடை?

தடை என்று உண்மையில் ஒன்று இருக்கிறது, அதை மூடி மறைக்கக்கூடாது. வடக்கில் எங்கள் மீனவர்களின் வலைகளைத் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போகும் வரை, அதே கரையிலிருந்து வரும் பயணியை முழு மனதோடு வரவேற்கச் சொல்லி அவர்களைக் கேட்க முடியாது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 தொடக்கம் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போது இழுவைப் படகுகள் கரையில் நிற்கும். யாத்திரைப் பயணங்களைத் தொடங்க அதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் மற்ற நாட்களுக்கும் தீர்வு வந்தே ஆகவேண்டும்.

பெரிய நாடு பக்கத்தில் வந்தால் ஊரைப் பிடித்துவிடும் என்று பயப்படுகிறவர்களோடு நான் சண்டை பிடிக்கப் போவதில்லை. திருமலையின் பழைய எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி 2022 ஜனவரியில் இந்தியாவோடு ஒப்பந்தம் வைத்தார்கள். 99 தாங்கிகளில் 61ஐ இரு நாட்டுக் கூட்டு நிறுவனம் எடுத்தது. கொழும்பில் கையெழுத்து வைத்தார்கள், திருமலையில் சனம் பத்திரிகையில் பார்த்து அறிந்தது. சுற்றுலாப் பாதையும் அப்படி வந்தால் நானே எதிர்ப்பேன். 2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த உல்லாசக் கப்பல் திருமலையிலும் நின்றது. அப்படி வரும் கப்பலில் சாப்பாடும் படுக்கையும் கப்பலுக்குள்ளேயே. அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை நம்பி ஊர் பிழைக்காது என்று சொல்கிறேன்.

ஐரோப்பாவில் சந்தியாகோ யாத்திரை வழி என்று ஒன்று இருக்கிறது. 1987 இல் ஐரோப்பிய அவை அதைத்தான் தன் முதலாவது பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. பிரான்சிலிருந்து, போர்த்துக்கலிலிருந்து எல்லை தாண்டி ஸ்பெயினுக்கு நடக்கிறார்கள். கையில் ஒரு சின்னப் புத்தகம், தங்கும் ஊரெல்லாம் முத்திரை குத்துவார்கள். இரவுக்கு ஊர்க்காரரின் சின்ன விடுதிகள். எங்களிடம் அதைவிட உயிருள்ள ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு முருகனின் வேலைத் தூக்கிக்கொண்டு திருமலை, வெருகல், மட்டக்களப்பு, உகந்தை வழியாக ஒன்றரை மாதத்துக்கு மேல் நடக்கிறார்களே, அது. வழியில் கோயில் மண்டபத்தில் படுக்கை, ஊர்ச் சனம் கொடுக்கும் சாப்பாடு. தமிழ்நாட்டில் பழனிக்கு நடந்து பழகிய சனத்துக்கு இதைப்பற்றிச் சொன்னால் போதும், திருமலையிலிருந்து வெருகல் வரையாவது கூட நடக்க வருவார்கள். நடக்கிறவர்களின் பக்தியைக் கெடுக்காமல், தண்ணீரும் கழிப்பறையும் மருந்தும் மட்டும் ஒழுங்காக வைத்தால் போதும்.

கூட்டம் வந்தால் கெடக்கூடியவையும் எங்களிடம் இருக்கின்றன. புறாத்தீவு 2003 இலிருந்து தேசியப் பூங்கா, ஆனாலும் முருகைக் கல்லில் ஏறி நிற்பவர்களை அங்கே போன எல்லோரும் கண்டிருப்பீர்கள். திமிங்கிலத்தை நாலு படகு சேர்ந்து துரத்துவதையும் கண்டிருப்பீர்கள். கோட்டை மான்கள் பிளாஸ்ரிக் பையைத் தின்று சாகின்றன. ஒரு நாளைக்கு இத்தனை பேர், இத்தனை படகு என்று சனம் வருவதற்கு முன்பே எல்லை போடவேண்டும். வந்தபிறகு போட்டால் படகுக்காரரின் வயிற்றில் அடிப்பதாக முடியும்.

நான் கேட்பது இந்த அளவுதான். அடுத்த சீசன் தொடங்குவதற்குள், கப்பல் வரும் நாட்களில் காங்கேசன்துறை இறங்குதுறையிலிருந்து நேரே திருமலைக்கு ஒரு பஸ். அதன் டிக்கட்டை நாகபட்டினத்தில் கப்பல் டிக்கட்டோடு சேர்த்து எடுக்க வழி. உப்புவெளி, நிலாவெளியில் மரக்கறிச் சாப்பாட்டோடு குடும்பமாகத் தங்கக்கூடிய வீட்டு விடுதிகளின் பட்டியல், விலையோடு. வெல்கம் விகாரைக்கும் கோணேஸ்வரத்துக்கும் கூட்டிப் போய்ச் சொல்லத் தெரிந்த, சான்றிதழ் பெற்ற உள்ளூர்ப் பெடியளும் பிள்ளைகளும். இதில் பாலமோ பெரிய கடனோ எதுவும் இல்லை. எங்கள் உள்ளூராட்சி சபைகளும், போக்குவரத்துச் சபையும், கப்பல் நடத்துபவர்களும் ஒரு பின்னேரம் கூடினால் பஸ் விசயம் முடிந்துவிடும். விடுதி நடத்துகிறவர்கள், படகு வைத்திருக்கிறவர்கள், பயண ஏற்பாடு செய்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால் கீழே எழுதுங்கள். கையெழுத்து வாங்கிக் கடிதமாகக் கொடுக்க நான் முன்னுக்கு நிற்கிறேன்.