மேட்டைச் சீவுவதற்கு முன்னால் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்

புன்செய் நிலத்தை மனைப்பிரிவாக்க எத்தனை கையெழுத்து வாங்க வேண்டும் என்று அலைந்தவர்களுக்குத் தெரியும். வருவாய்த் துறை, வேளாண்மைத் துறை, ஊராட்சி, நகர் ஊரமைப்பு என்று கோப்பு ஊர்ந்துகொண்டே போகும். ஆனால் அந்த மண்ணுக்குள் பழைய ஊரோ ஈமக்காடோ இருக்கிறதா என்ற கேள்வி, பக்கத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னம் எதுவும் இல்லையென்றால், எந்த மேசையிலும் எழுவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தொன்மைச் சின்னங்களைப் பாதுகாக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தத்தின்படி, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டலாம். நல்ல சட்டம்தான். ஆனால் அரசிதழில் ஏறிய சின்னத்துக்குத்தானே அது? மேய்ச்சல் புறம்போக்கில் கிடக்கும் பழைய ஈமச்சின்னமான கல்வட்டத்துக்கும், ஊருக்கு வெளியே பழைய குடியிருப்பு புதைந்திருக்கும் நத்தமேட்டுக்கும் யார் 100 மீட்டர் அளப்பது?

கீழடியையே எடுத்துக்கொள்ளுங்கள். வைகைக் கரையோரம் தொல்லியல் துறை நடத்திய கள ஆய்வில் 293 இடங்கள் தென்பட்டன. அவற்றில் ஒன்றுதான் சுமார் 110 ஏக்கர் பரந்த அந்த மேடு. தென்னந்தோப்பாக இருந்ததால் தப்பித்தது. 2014க்கு முன்பே அங்கே வண்ணக்கல் நட்டு மனை போட்டிருந்தால் இன்று நாம் பேச என்ன இருக்கும்? எனக்கு மற்ற 292 இடங்களைப் பற்றித்தான் கவலை.

மழை பெய்து ஓய்ந்ததும் இப்படிப்பட்ட மேட்டில் நடந்து பாருங்கள். உள்பக்கம் கருப்பும் வெளிப்பக்கம் சிவப்புமாகப் பானை ஓடுகள் காலில் இடறும். சில இடங்களில் இறந்தவரைப் புதைத்த முதுமக்கள் தாழியின் வாய் மட்டும் தடித்த வளையமாக மண்ணோடு மண்ணாகத் தெரியும். உள்ளே எலும்பும் சின்னச் சின்னக் கலயங்களும் வைத்தது வைத்தபடி இருக்கும். எது எதன் பக்கத்தில், எந்த மண்ணடுக்கில் இருந்தது என்பதில்தான் வரலாறே இருக்கிறது. ஜேசிபி ஒரு முறை வாரினால் அந்த வரிசை போய்விடும். அப்புறம் ஓடுகளைப் பொறுக்கி அருங்காட்சியகத்தில் வைத்தாலும் அது பாதிக் கதைதான்.

இதில் விவசாயியைத் திட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. "தாழி கிடைச்சதுன்னு வெளியே சொன்னா நிலத்தை எடுத்துக்குவாங்க" என்ற பயம் கிராமத்தில் ஆழமாக இருக்கிறது. இரண்டு ஏக்கரை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைப்பவர் ராவோடு ராவாக மேட்டைச் சமன்படுத்தத்தான் பார்ப்பார். பேராசையைவிட இந்தப் பயம்தான் அதிகம் அழித்திருக்கும் என்று நினைக்கிறேன். அகழாய்வு நடக்கும் காலத்துக்குக் குத்தகை, பயிர் இழப்புக்கு ஈடு, குழியை மூடி நிலத்தைத் திருப்பித் தரும் நாள், இவற்றை முதலிலேயே எழுத்தில் கொடுத்தால் அவரே வந்து இடத்தைக் காட்டுவார்.

கல்குவாரி விஷயம் இன்னும் மோசம். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது, பாண்டியர் காலக் குடைவரை இருக்கிறது, 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பும் வந்தது. இத்தனைக்குப் பிறகும் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் அந்த ஊர் வந்தது. மேலூர் பக்கத்து மக்கள் திரண்டதால்தான் 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. பெயர் தெரிந்த மலைக்கே இந்தப் பாடு என்றால், பெயரில்லாத குத்துக்கல்லுக்கு யார் வருவார்கள்?

இங்கிலாந்தில் 1990இல் வந்த திட்டமிடல் வழிகாட்டுதலுக்குப் பிறகு, கட்டுவதற்கு அனுமதி கேட்பவரே நிலத்தில் தொல்லியல் தடயம் உண்டா என்று ஆய்வு செய்து காட்டும் நிலை வந்தது. அதற்காக அங்கே வீடும் சாலையும் நின்றுவிடவில்லை. இங்கேயும் மனைப்பிரிவுக்கும் குவாரிக்கும் கையெழுத்துப் போடும் முன் ஒரு மேற்பரப்பு ஆய்வைக் கட்டாயமாக்க வேண்டும். தடயம் இருந்தால் கிராமக் கணக்கில், அந்தப் புல எண்ணுக்கு நேரே எழுத வேண்டும். வாங்குபவருக்கும் தெரியட்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது கிராம சபை. உங்கள் ஊரில் இப்படி ஒரு மேடோ கல்வட்டமோ இருந்தால் படம் எடுத்து, புல எண்ணைக் குறித்து, அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். நகல் ஒன்று மாவட்ட ஆட்சியருக்கும் இன்னொன்று மாநிலத் தொல்லியல் துறைக்கும் போகட்டும். ஓடு எதையும் வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம், கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்.