எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா?

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போனாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடைப் பலகை, டியூஷன் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எதை எடுத்தாலும், ஆங்கிலச் சொல்லின் கடைசியில் எஸ் வந்துவிட்டால் போதும், அதற்கு முன்னால் ஒரு அப்பாஸ்ட்ரஃபியை, அதாவது மேலே தொங்கும் அந்தக் காற்புள்ளி மாதிரிக் குறியை (’), குத்திவிடுகிறார்கள். வடைகள் என்று எழுத வெறும் எஸ் போதுமே, குறி எதற்கு?

சரி, 'இன்னாருடைய' என்று காட்டக் குறி தேவையான இடத்திலாவது ஒழுங்காக வருகிறதா? பிள்ளையின் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில் 'பேரண்ட்ஸ் மீட்டிங்' என்று எழுதி எஸ்ஸுக்கு முன்னால் குறி போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால் அது ஒரே ஒருவருக்கான கூட்டம். பெற்றோர் பலர் என்றால் குறி எஸ்ஸுக்குப் பின்னால் வர வேண்டும். 'சில்ட்ரன்' மாதிரி எஸ் இல்லாமலே பன்மையாக இருக்கும் சொல் என்றால் மட்டும் குறிக்குப் பிறகு எஸ். 'அதனுடைய' என்று சொல்லும் 'இட்ஸ்'-க்கோ குறியே கிடையாது, போட்டால் 'இட் இஸ்' ஆகிவிடும், இதைப் படித்தவர்களே தப்பாக எழுதுவதுதான் தாங்க முடியவில்லை.

மலாயில் அலியின் வீடு என்பதற்கு 'ருமா அலி' (வீடு அலி) என்று பக்கத்தில் வைத்தாலே போதும், அதனால் குழப்பம் வருவது புரிகிறது. ஆனால் பினாங்கில் 1885-இல் தொடங்கிய செயின்ட் ஜார்ஜஸ் கேர்ல்ஸ் ஸ்கூலின் பெயரைப் பாருங்கள். ஜார்ஜ் ஒருவர், குறி எஸ்ஸுக்கு முன்னால். மாணவிகள் பலர், குறி எஸ்ஸுக்குப் பின்னால். ஒரே பெயரில் இரண்டு விதியும் இருக்கிறது.

பேனர் அடிப்பவர்களே, அச்சுக்குப் போகுமுன் தெரிந்த யாரிடமாவது ஒருமுறை காட்டுங்கள்.