செவியும் கிவியும்

வேலைக்காகப் பெங்களூருக்குக் குடிவந்த முதல் ஆண்டில், பால் பாக்கெட்டில் ‘ஹாலு’ என்று எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்த காலைப்பொழுது இன்னும் நினைவில் இருக்கிறது. பால்தான் ஹாலு என்று பிடிபட்டதும் பல் ஹல்லுவாகவும், புலி ஹுலியாகவும், பத்து ஹத்தாகவும் அடுத்தடுத்துத் தெரியத் தொடங்கின. பழங்கன்னடத்தில் இவையும் பகரத்தில் தொடங்கிய சொற்களே. அது ஹகரமானது பிற்காலத்தில்தான்.

அந்த மகிழ்ச்சியில், கன்னடம் தமிழிலிருந்து திரிந்த மொழி என்று நானும் பலரிடம் பேசியிருக்கிறேன். அது தவறு என்று எனக்கு உணர்த்தியது ‘கிவி’ என்ற சொல். நம் செவிக்குக் கன்னடத்தில் கிவி என்று பெயர். இங்கே மாறியவர்கள் நாம். இகரம், எகரம் போன்ற உயிர்களுக்கு முன் நின்ற பழைய ககரம் தமிழில் சகரமாயிற்று. கன்னடம் அதை மாற்றாமல் வைத்துக்கொண்டது. நம் ‘சிறு’ அங்கே ‘கிறு’. நம் செம்மை அங்கே கெம்பு. நகைக்கடையில் நாம் கேட்டு வாங்கும் கெம்புக்கல்லிலும் அந்தச் சிவப்புதான் இருக்கிறது. என்னை வியக்க வைத்தது இம்மாற்றத்தின் ஒழுங்கு: அடுத்து ட, ள, ழ போன்ற, நாக்கை மேலே வளைத்துச் சொல்லும் நாவளை ஒலி வந்த இடங்களில் தமிழிலும் ககரம் அசையவில்லை. அதனால்தான் கெடு, கேள், கிளி, கிழங்கு என்கிறோம்.

கன்னடத்தைத் தமிழின் மகள் என்று உறுதியாக எழுதும் நண்பர்கள், செவியிலிருந்து கிவி எப்படி வந்திருக்கும் என்பதை முதலில் விளக்க வேண்டும். பாலில் நாம் பழமையைக் காத்தோம், செவியில் அவர்கள் காத்தார்கள். ஒரே வீட்டில் பிறந்தவர்களுக்குள் மட்டுமே இப்படி நடக்கும்.

இந்த உறவை, சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிசு 1816இலேயே எடுத்துக்காட்டினார். கால்டுவெல் 1856இல் விரிவான ஒப்பிலக்கணமாகத் தந்தார். பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் பெரும்பாலான பதிவுகள் தமிழ்ச் சொல்லில் தொடங்குவதைத் தாய்மைக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அது தெற்கிலிருந்து வடக்காக மொழிகளை அடுக்கிய வரிசை, அவ்வளவே. அவ்வரிசையின் கடைசியில் பலுசிஸ்தானத்தில் பேசப்படும் திராவிட மொழியான பிராகூயி நிற்கிறது. கண்ணை அம்மொழியினர், தொண்டையில் உரசி வரும் ககரத்தோடு, ‘ஃகன்’ என்கிறார்கள். அந்தச் சொல்லை முதன்முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.