14வது ஹோலில் வந்த கைவலி

"கை வலிக்குதுப்பா, நான் கிளம்புறேன்."

டிஸ்க் கோல்ஃப் போட்டியில் எங்களோடு ஆடிய ஒருவர் சொன்னது இது. தட்டு மாதிரி இருக்கும் டிஸ்க்கை எறிந்து, ஒவ்வொரு ஹோலிலும் குறைந்த எறிதலில் கூடைக்குள் போடுகிற ஆட்டம். இரண்டாவது டிஸ்க்கும் குளத்தில் விழுந்த பிறகுதான் அந்தக் கைவலி வந்தது. 13வது ஹோல் வரை அந்தக் கைக்கு ஒன்றும் இல்லை. எங்கள் மூவரில் நீளமாக எறிந்துகொண்டிருந்ததே அந்தக் கைதான். முதல் டிஸ்க் தண்ணீருக்குள் போனதும் முகம் மாறியது. போனை எடுத்து ஸ்கோரைப் பார்த்தார். மனசுக்குள் கணக்குப் போடுவது வெளியே தெரிந்தது. அடுத்ததை எறிந்தார், அதுவும் தண்ணீரில். உடனே குனிந்து, வலிக்கிறது என்று சொன்ன அதே கையால் பையைத் தூக்கித் தோளில் மாட்டினார். இருபது டிஸ்க் உள்ள பை!

"அண்ணே, இதை முடித்தால் இன்னும் நாலு ஹோல்தானே, மெதுவா எறிங்க" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். முடிக்காத சுற்றுக்கு ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண், கிடையாது. காலையில் அருமையாக ஆடி முடித்த சுற்று அப்படியே கணக்கில் சேரும், மதியம் கெட்டது மட்டும் காணாமல் போகும். ஒரு எறிதல் கூடினால் ஏறக்குறைய 10 புள்ளி குறையும். ஏழெட்டு எறிதல் கூடிவிட்டது என்று ஓடுகிறார். ரேட்டிங் என்பது 12 மாத ஆட்டத்தின் சராசரி. அதில் நல்ல நாளும் இருக்கும், நாறிப்போன நாளும் இருக்கும். நம் ரேட்டிங்கைவிட 100 புள்ளிக்கு மேல் சரிந்த சுற்றை, ரேட்டிங் போடும் டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏ தானாகவே கழித்துவிடுகிறது. அவ்வளவு மோசமாக ஆடவில்லை என்றால், அது நம் ஆட்டம்தான். அந்த எண்ணையும் சேர்த்துத்தான் நம் எண்.

சரி, அவர் எண், அவர் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் விட முடியவில்லை, ஏனென்றால் எங்கள் சுற்றும் போய்விட்டது. ஒரு சுற்றுக்கு ரேட்டிங் கணக்கிட, நிலையான ரேட்டிங் உள்ளவர்கள் குறைந்தது 5 பேர் அதே கூடை அமைப்பில் ஆடி முடிக்க வேண்டும். கோலாலம்பூரில் ஒரு சின்னப் போட்டிக்கு அந்த 5 பேரைச் சேர்ப்பதே பெரிய பாடு. அன்றைக்கு வந்தவர்களில் அப்படி ரேட்டிங் உள்ளவர்கள் சரியாக 5 பேர், அவர் ஐந்தாவது. மதியம் கூடைகளை இடம் மாற்றி வைத்திருந்ததால் காலைச் சுற்றோடு சேர்த்துக் கணக்கிடவும் வழியில்லை. ஈப்போவிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி வந்த ஒரு தம்பி, வாழ்நாளிலேயே சிறந்த சுற்றை அன்றைக்குத்தான் ஆடினான். அது எங்கேயும் பதிவாகாது. அவனிடம் அதைச் சொன்னது நான். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் வயிறு எரிந்திருக்கும்.

அப்புறம், மூன்று பேர் இரண்டு பேரானோம். இன்னொரு குழுவோடு சேர்க்கும் வரை அந்த மொட்டை வெயிலில் நிற்க வேண்டியதாயிற்று.

உண்மையாகவே அடிபட்டால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? போன வருடம் ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கியபோது, அவர் பையை நாங்களே சுமந்துபோய்க் காரில் வைத்தோம். இவர்? ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் படம் போட்டிருக்கிறார். பேட்மின்டன் மட்டையோடு! அதே வலது கை!

இந்த எரிச்சலோடு செந்தூலில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், என் காரை மறித்து ஒருவர் டபுள் பார்க்கிங். கண்ணாடிக்குள் போன் நம்பர் இல்லை. தள்ளிப் பார்த்தேன், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறார். ஹேண்ட்பிரேக்! அடுத்தவன் காரை மறிக்கிறவன் அதையாவது விட்டுவிட்டுப் போகக் கூடாதா? நாற்பது நிமிடம் ஹாரன் அடித்தேன். பல் குத்திக்கொண்டே வந்தார்.