சென்ட்ரல் நோவா மக்கே குடும்பச் சொத்தா?

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்திலுள்ள சென்ட்ரல் நோவா தொகுதியில் கன்சர்வேடிவ் கட்சியினர் தவிர வேறு யாரும் வென்றதில்லை; 1983இல் அக்கட்சியின் தலைவர் பிரையன் மல்ரோனி தேர்தலே இல்லாமல் அங்கு எம்.பி. ஆனார் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

1971 இடைத்தேர்தல் முதல் தொகுதியை வைத்திருந்த எல்மர் மக்கே, புதிய கட்சித் தலைவரான மல்ரோனிக்காகப் பதவி விலகியது உண்மை. ஆனால் மல்ரோனி 1983 ஆகஸ்ட் 29 இடைத்தேர்தலில் போட்டியிட்டுத்தான் வென்றார். கனடாவில் காலியான எம்.பி. இடத்துக்கு யாரையும் நியமிக்க முடியாது. நியமனம் செனட்டுக்கு மட்டும்தான். 1984இல் அவர் கியூபெக்கின் மானிகுவாகன் தொகுதிக்கு மாற, மக்கே திரும்பி வந்தார்.

1993இல் இங்கு வென்ற ரோசேன் ஸ்கோக் லிபரல். எல்மரின் மகன் பீட்டர் மக்கே 2015இல் ஒதுங்கியதும் லிபரல் கட்சியின் ஷான் ஃப்ரேசர் வென்றார். 2019, 2021, 2025இலும் அவரே.

கனடா நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் தொகுதிவாரி முடிவுகள் உள்ளன. 1997 முதல் 2004 வரை இப்பகுதியின் பெரும்பகுதி பிக்டோ–அன்டிகோனிஷ்–கைஸ்பரோ என்ற பெயரில் இருந்தது. அந்தப் பெயரிலும் தேடுங்கள், இல்லையேல் பீட்டரின் முதல் வெற்றிகள் விடுபடும். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.